சதுரங்கப்பட்டினத்திலிருந்து வரும் பேருந்து

பிப்ரவரி 24, திங்கள்
முதல் வகுப்பில் இன்றும் சிநேகாவின் இடம் காலி. சதுரங்கப்பட்டினத்திலிருந்து வரும் காலைப் பேருந்து, எங்கள் கல்லூரியில் மணி அடித்த பிறகுதான் செங்கல்பட்டை எட்டுகிறது. தாமதமாக வந்தால் அரை நாள் ஆப்சென்ட். கடலோரப் பிள்ளைகளில் பாதிப் பேர் முதல் ஆண்டிலேயே நின்றுவிடுவது இதனால்தான் என்று ஆய்வு செய்து எழுதிக் கொடுத்தேன். வகுப்பைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், அவ்வளவுதான். முதல்வர் ஜானகிராமன் படித்தாரா? என் ஆய்வறிக்கை அவருடைய காபி டம்ளருக்கு அடியில் இருந்தது.

மார்ச் 12, புதன்
வருகைப்பதிவு குறைவென்று சிநேகாவைத் தேர்வு எழுத விடவில்லை.
"நான் இன்னா மேடம் பண்றது? பஸ்ஸு வந்தாத்தான வருவேன்!"
அவள் அழவில்லை. நான்தான் கழிவறைக்குள் போய் அழுதேன். "ஜூன்ல மறுபடி சேரு, அதுக்குள்ள நேரத்த மாத்த வைக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். யாரைக் கேட்டுக் கொடுத்தேன்?

மார்ச் 28
"பார்க்கலாம்மா" என்றார் முதல்வர்.

ஏப்ரல் 9, புதன்
மறுபடியும் "பார்க்கலாம்மா." எப்பத்தான்யா பார்ப்பீங்க? அந்த ஆய்வுக்காக எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதைக் கிழித்துப் போடலாம் போல இருந்தது. வீட்டுக்கு, கூடுவாஞ்சேரிக்கு ரயிலில் வரும் வழியெல்லாம் அதை மடியில் கவிழ்த்தே வைத்திருந்தேன். இதற்கு மேல் என்னால் முடியவில்லை.

மே 6, செவ்வாய்
ஆட்சிக்குழு ஏற்றுக்கொண்டுவிட்டது! முதல்வரே போனில், "உங்க ஆய்வ வச்சுத்தான் இந்த வருஷம் விதியே மாறுது" என்றார். உடனே சிநேகாவின் அப்பா பெஞ்சமினை அழைத்து, வகுப்பு நேரம் மாறப்போகிறது என்று சொன்னேன். அணுபுரத்தில் பெயின்ட் வேலையில் இருந்தார். "நீ நல்லா இருக்கணும்மா" என்றார். என்ன விதி என்று முதல்வரிடம் கேட்கவே தோன்றவில்லை எனக்கு.

ஜூன் 16, திங்கள்
மணி மாறவில்லை. தொலைவிலிருந்து வருபவர்களுக்கு, விடுதியில் தங்கினால்தான் இனி இடம். அந்தக் கட்டணம் பெஞ்சமினால் கட்ட முடியாதது. முதல்வரிடம் ஓடினேன்.
"தூரத்துப் பிள்ளைங்க பாதியில நின்னுடுறாங்கன்னு நீங்கதானே எழுதினீங்க?" என்றார், உண்மையிலேயே புரியாமல்.
திரும்பி வந்தபோது அப்பாவும் மகளும் அறிவிப்புப் பலகை முன்னால் நின்றிருந்தார்கள். விதிக்குக் கீழே, 'முனைவர் ஹரிப்ரியாவின் ஆய்வின்படி' என்று போட்டிருந்தது. பெஞ்சமின் அதில் விரல் வைத்தார்.
"இதுல பேரு போட்டுக்கீதே... நம்ம மேடமா?"
சிநேகா என்னைப் பார்த்துவிட்டாள்.
"வேற யாரோ, நைனா. வா, பஸ்ஸு பூடும்."