ஏற்றக் கூடாத அரைச் சுருதி

மார்ச் 4

இன்று டீச்சரம்மா வீட்டுப் பியானோவுக்குச் சுருதி சேர்க்கப் போனேன். அவருடைய அப்பா இதே ஊரில் பட்டறை போட்டு, மொத்தமே பதினொரு பியானோ செய்தவர். மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். அடுத்த மாதம் டீச்சரம்மா இதை இசைப் பள்ளிக்குக் கொடுக்கப் போகிறார். சுருதி அரை இறங்கியிருந்தது. பள்ளியில் மற்ற வாத்தியங்களோடு சேர வேண்டுமே என்று ஒரே மூச்சில் ஏற்றினேன். மதியம் மூன்று மணி இருக்கும், உள்ளே படாரென்று ஒரு சத்தம். கம்பிகளைத் தாங்கும் இரும்புச் சட்டம் குறுக்கே விரிசல் விட்டுவிட்டது.

டீச்சரம்மா ஓடிவந்தார். “வார்ப்பே சரியில்லம்மா. உங்கப்பா மட்டமான இரும்பு போட்டிருக்கார்” என்றேன். வாய் கூசவில்லை.

உங்களுக்குத்தான் வீண் சிரமம் என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். டீ போட்டுக் கொடுத்தார். குடித்தேன்.

மார்ச் 5

எழுத ஒன்றும் ஓடவில்லை.

மார்ச் 7

இரண்டு வீட்டில் வேலை இருந்தது. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். பொய் ஒன்று வந்துவிட்டால் அடுத்தது அது பாட்டுக்கு வருகிறது.

மார்ச் 9

இங்கேயாவது உண்மையை எழுது, அயோக்கியா.

அன்று சுருதி ஏற்றும் முன், விரலால் அழுத்தும் முதல் கட்டையைக் கழற்றியபோது அதன் பக்கவாட்டில் பென்சிலில் எழுதியிருந்தது — ‘சுருதி அரை கீழேயே இருக்கட்டும். ஏற்ற வேண்டாம்.’ பட்டறைக்காரரின் கையெழுத்து. படித்தேன். சிரிக்கக்கூடச் செய்தேன். உள்ளூர் ஆசாமி எனக்குப் பாடம் நடத்துகிறாரா என்று. எனக்கு முப்பது வருஷ அனுபவமாம். தூ.

மார்ச் 11

டீச்சரம்மா போன் செய்தார். பியானோ தர முடியாதென்று பள்ளிக்கு எழுதிவிட்டாராம். அப்புறம் நான் கேட்காமலே சொன்னார்: பியானோ பியானோ என்று அப்பா குடும்பத்தையே கவிழ்த்தார் என்று அண்ணனுக்குத் தீராத கோபம். இவர் ஒருவர்தான் அப்பா கட்சி. அந்தச் சண்டையில் அண்ணனும் தங்கையும் பேசி ஆறு வருஷமாகிறது.

“நேத்து நானே அண்ணனுக்குப் போன் பண்ணேன் தம்பி. நீ சொன்னதுதான் சரிண்ணா, அப்பாவுக்கு வேலை தெரியலன்னு சொல்லிட்டேன்.”

“சரிங்கம்மா” என்றேன். சரிங்கம்மாவாம். என் நாக்கு அழுகாதா?

மார்ச் 12

போனேன். கட்டையைக் கழற்றி எழுத்தைக் காட்டினேன். படித்துவிட்டுத்தான் ஏற்றினேன் என்பதையும் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலாம். அந்தப் பென்சில் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அண்ணனைப் போனில் கூப்பிட்டு என் கையில் கொடுத்தார்.

“நான் சொன்னா நம்ப மாட்டார். நீங்களே சொல்லுங்க.”

சொன்னேன். இந்த ஐம்பத்து நாலு வயதில், முன்பின் தெரியாத ஒருவரிடம் அழுதுகொண்டே சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரே கேள்வி.

“அப்போ அப்பா வேலை நல்ல வேலைதானா?”

“அறுபது வருஷம் தாங்கியிருக்குங்க. நான்தான் உடைச்சேன்.”

ஏப்ரல் 2

அந்தத் தெரு வழியாகப் போக நேர்ந்தது. டீச்சரம்மா வீட்டு வாசலில் வேறொரு ட்யூனரின் ஸ்கூட்டர் நின்றது. பியானோவின் முன்பலகையை வெயிலில் வைத்து ஒரு பெரியவர் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். டீச்சரம்மாவின் மூக்கு அப்படியே அவருக்கும். பலகையில் அப்பாவின் பெயர் இருக்கும் இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். யாரென்று தெரியாமல் லேசாகச் சிரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்துவிட்டேன்.