முழு விலையில் ஒரு மூட்டை

ஜூன் 2

அன்புள்ள லேப் மகாராணிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கத்தான் பயமாக இருக்கிறது. கேட்டால், "உங்க கொழுப்பு எவ்வளவு?" என்று திருப்பிக் கேட்பாய். போனில் எனக்கு 'ம்', 'சரி', 'வெச்சிடவா' மூன்றுக்கு மேல் வார்த்தை வராது என்று சொல்லிக் கடிதம் எழுதச் சொன்னவள் நீதான். இதோ, பிடி. இன்றைக்கு என்னை நிறுத்த உன்னால் முடியாது.

நீ அந்த ஊர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குத் தலைவியாகக் கிளம்பிய அன்று என்னவெல்லாம் சொல்லிவிட்டுப் போனாய்! ஓட்ஸ் சாப்பிடு, கொண்டைக்கடலை சாப்பிடு, பாதாம் ஊறவை, காயைப் பச்சையாகக் கடி, எண்ணெய்ப் பக்கம் திரும்பாதே. எட்டு மாதமாக ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டேன். போன வாரம்தான் புத்தி வந்து கடைக்குப் போனேன். பில்லைப் பார்த்தேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பில் போடும் பெண்ணிடமே ஸ்டூல் கேட்டேன். நெஞ்சு வலி வராமல் இருப்பதற்கான சாப்பாட்டுக்கு இவ்வளவு நெஞ்சு வலியா?

அப்போதுதான் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தேன். சிரிக்காதே. முனை சூப்பர் மார்க்கெட், மார்க்கெட் தெரு மளிகைக் கடை, பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மொத்தக் கடை. மூன்றிலும் அதே கொண்டைக்கடலை. மூன்றிலும் மூன்று விலை! இத்தனை வருஷம் நான் எங்கே இருந்தேன்? தினமும் வேலை முடிந்து மூன்றையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, சமையலறைக் கதவின் பின்பக்கம் சாக்கட்டியால் விலை எழுதுகிறேன். நீலச் சாக்கட்டி, மாடி வீட்டு டெய்லர் உபயம். கதவு இப்போது நீலமாக இருக்கிறது. வந்து திட்டு.

பாதாம் மாத முதலில் ஏறுகிறது, கடைசியில் இறங்குகிறது. நம் பையில் காசு இருக்கும்போது ஏறி, காலியானதும் இறங்குகிற பொருள் அது. இன்னொன்று: சூப்பர் மார்க்கெட் ஓட்ஸ் பாக்கெட் அதே உயரம், அதே படம், அதே விலை. எடை மட்டும் இளைத்துவிட்டது. இருபது வருஷமாகக் கண்ணாடிக் கடையில் அடுத்தவனுக்குப் பொடி எழுத்துப் படிக்கக் கற்றுக்கொடுத்தவனிடமே இந்த வேலை!

பில் போடும் பெண்ணுக்கு என்னைக் கண்டால் எரிச்சல். "சார், வாங்குறீங்களா, இல்ல சும்மா பாத்துட்டுப் போறீங்களா?" என்றாள்.

"பாக்கத்தாம்மா வந்தேன். கண்ணாடிக் கடைக்காரன் வேற என்ன செய்வான்?"

இப்போது அந்தக் கடையில் எனக்கு 'இன்ஸ்பெக்டர்' என்று பெயர். பெருமையாக இருக்கிறது.

இப்படிக்கு,
உன் கண்ணாடிக்காரன்


ஜூன் 9

அன்புள்ள கண்ணாடிக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை லேபில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்திருந்த பெண் சிரித்த சிரிப்பில் ஒரு ஸ்லைடு உடைந்தது. உங்கள் கணக்கில் எழுதிவிட்டேன்.

பாக்கெட்டின் எடையைப் பார்த்தது சரி. கதவை நாசம் பண்ணியது சரியில்லை. நீங்கள் சாதாரணமாகத் தினமும் ஒரே சட்டை போடுகிற ஆள். உங்களுக்கு ஒரு விஷயத்தில் இவ்வளவு துள்ளல் வந்து பார்த்து ரொம்ப நாளாகிறது. கல்யாணமான புதிதில் பழைய ரேடியோ வாங்கிப் பிரித்துப் போட்டீர்களே, அதற்கப்புறம் இதுதான்.

இப்போது என் விஷயம். இங்கே என்னை நிரந்தரமாக்குகிறார்கள். தற்காலிகமாக வந்தவள் இனி இந்த ஊர்க்காரி. நேற்றுப் பெரிய டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேராகப் போய் ஒரு காபி குடித்தேன், சர்க்கரையோடு. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

குவார்ட்டர்ஸ் இரண்டு மாதிரி இருக்கிறது. தனி ஆளுக்கு ஒரு அறை, குடும்பத்துக்கு இரண்டு அறை. எது வேண்டும் என்று முப்பதாம் தேதிக்குள் சொல்ல வேண்டும். ஒருமுறை சொன்னால் பிறகு மாற்றித் தர மாட்டார்கள். வரிசையில் அத்தனை பேர். இரண்டு அறை என்றால் நீங்கள் இங்கே வர வேண்டும், வேலை, வீடு, சாக்கட்டி எல்லாவற்றோடும். ஒரு அறை என்றால் நாம் இப்படியே விடுமுறைக்கு விடுமுறை விருந்தாளி மாதிரி பார்த்துக்கொள்வோம். இரண்டுக்கும் நான் தயார். எது என்று தெரியாமல் இருப்பதற்குத்தான் தயாராக இல்லை.

யோசித்து எழுதுங்கள்.

உங்கள்,
லேப்


ஜூன் 15

அன்புள்ள நிரந்தர மகாராணிக்கு,

வாழ்த்து! வாழ்த்து! வாழ்த்து! தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். எதிர் வீட்டுப் பல் டாக்டர் தன் எல்லாப் பற்களையும் காட்டிச் சிரித்தார். எல்லாம் அவருடையவை இல்லை என்று டெய்லர் சொல்கிறார். எனக்குத் தெரியாது, நான் யாரைப் பற்றியும் பேசுவதில்லை.

இங்கே நடந்திருப்பதைக் கேட்டால் நீ நாற்காலியில் உட்கார மாட்டாய். மொத்தக் கடையில் முழு மூட்டையாக எடுத்தால் சூப்பர் மார்க்கெட் விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்! ஆனால் ஒரு மூட்டைக் கொண்டைக்கடலையை நான் ஒருவன் தின்று முடிப்பதற்குள் அது முளைத்துவிடும். அதனால் படிக்கட்டில் கூட்டம் போட்டேன். டெய்லர், பல் டாக்டர், கீழ் வீட்டுக் கணக்கு டீச்சர், என் தலைமையில். ஆமாம், என் தலைமையில். வீட்டில் நீ தலைவி, படிக்கட்டில் நான் தலைவன்.

"மூட்டை வந்தா யாரு வீட்ல பிரிக்கறது?" என்றார் டீச்சர்.

"படிக்கட்டுலயேதான். நம்ம வீட்டு வாசல்ல," என்றேன்.

"எடை சரியா இருக்கணும் சார். போன தடவ மிளகாப்பொடில இவரு எனக்குக் கம்மி குடுத்தாரு," என்று டெய்லரைக் காட்டினார்.

"அம்மா, நான் துணியிலயே மிச்சம் புடிக்கறதில்ல, மிளகாப்பொடில புடிப்பேனா?"

பல் டாக்டர் உடனே டெய்லர் தைத்துக் கொடுத்த தன் பாண்டைப் பார்த்துக்கொண்டார். கணுக்காலுக்கு மேல் நின்றது. அதற்குப் பிறகு எல்லாம் ஏகமனதாக முடிந்தது.

ஆனால் மொத்தக் கடைக்காரர் காதோடு காதாக ஒன்று சொன்னார்: புது லோடு வரும்போது விலை இன்னும் இறங்கும். விடுவேனா? "ஒருத்தரும் இப்ப வாங்கக் கூடாது! அடிமட்டத்துல புடிப்போம்!" என்று உத்தரவு போட்டுவிட்டேன். மொத்தக் கட்டடமும் என் ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது. கதவில் இடமில்லை, இன்னொரு கதவு ஆரம்பித்திருக்கிறேன்.

குவார்ட்டர்ஸ் விஷயம், பார்க்கலாம். என் அக்காவிடம் சொன்னேன். "ஏண்டா, இந்த வயசுல வீட்டோட மாப்பிள்ளையா போகப் போறியா?" என்று கேட்டாள். சிரித்தேன். கொஞ்சம் லோடு வரட்டும், அதையும் யோசிப்போம்.

இப்படிக்கு,
படிக்கட்டுத் தலைவன்


ஜூன் 22

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதம் வந்த மறுநாளே உங்கள் ரத்தத்தின் சேதியும் வந்தது. நான் முன்பு வேலை பார்த்த லேபில் நீங்கள் வியாழக்கிழமை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தீர்களாம். என் பழைய உதவியாளப் பெண் போன் பண்ணினாள். பயந்துபோன குரல்.

"அக்கா, மாமாவோட சீரம் பால் மாதிரி இருக்குக்கா."

ரத்தத்திலிருந்து பிரியும் அந்த நீர் தெளிவாக, இளமஞ்சளாக இருக்க வேண்டும், பால் மாதிரி இருந்தால் கொழுப்பு ஏறிவிட்டது என்று முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லி வருகிறவள் நான். கீழ் வீட்டு டீச்சருக்குப் போன் பண்ணினேன். விஷயம் கொட்டிவிட்டது. லோடு வரட்டும், விலை இறங்கட்டும் என்று நீங்கள் எதையும் வாங்கவே இல்லையாம். வீட்டில் ஒரு பருப்பு கிடையாதாம். மூன்று வேளையும் எதிர் பேக்கரியில் வெண்ணெய் பன்னும் வறுவலுமாம். ஆரோக்கியமான சாப்பாடு மலிவாகும்வரை காத்திருந்து, அதுவரை ஆரோக்கியமில்லாததைத் தின்ற ஒரே ஆள் இந்த உலகத்தில் நீங்களாகத்தான் இருப்பீர்கள். சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது. லேபில் நான் அழுவதில்லை. இரண்டாம் முறையாக உங்கள் கணக்கு.

உங்கள் கடிதம் என்னை ஏமாற்றும். உங்கள் ரத்தம் ஏமாற்றாது.

அக்காவிடம் சொல்லுங்கள்: வீட்டோடு மாப்பிள்ளை என்றால் மாமனார் வீடு வேண்டும். இங்கே மாமனாரும் இல்லை, வீடும் அவருடையது இல்லை, குழாயில் ஒழுங்காகத் தண்ணீரும் வருவதில்லை. ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸோடு மாப்பிள்ளை என்று ஒரு வகை இருந்தால் அது வேண்டுமானால் நீங்கள்.

'பார்க்கலாம்' என்று எழுதியிருந்தீர்கள். கடலைக்குக் காத்திருக்கிற மாதிரி இதற்கும் ஏதோ இறங்கட்டும் என்று நிற்கிறீர்கள். என்ன இறங்க வேண்டும்? நான் இறங்க மாட்டேன். முப்பதாம் தேதி மதியம் பெரிய டாக்டரிடம் போவேன். உங்களிடமிருந்து எதுவும் வரவில்லை என்றால் ஒரு அறை என்று சொல்லிவிடுவேன். கோபத்தில் எழுதவில்லை. தேதி சொல்கிறேன், அவ்வளவுதான்.

லேப்


ஜூன் 27

என் அன்புள்ள மகாராணிக்கு,

கூரியரில் அனுப்புகிறேன், நாளை மறுநாள் கிடைத்துவிடும். தபாலை நம்பிப் பொறுக்க முடியவில்லை.

முதலில் லோடு. வந்தது. விலை இறங்கவில்லை. ஏறியது! படிக்கட்டில் என் ஆட்சி கவிழ்ந்தது. டெய்லர் சொன்னார், "உங்க பேச்சக் கேட்டு ரெண்டு வாரமா என் பொண்டாட்டி வெறும் ரசம் வெக்கறா சார். இனிமே நீங்க எது சொன்னாலும் நான் எதிர்ப்பக்கம்." நியாயம்தானே? உன் கடிதம் அன்றைக்குத்தான் வந்தது. பையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஏறின விலையிலயே எடுத்துடலாம். இதுவே சூப்பர் மார்க்கெட்ட விடக் கால்வாசி கம்மி," என்றார் டீச்சர். எடுத்தோம்! ஐயோ, அந்த மாலையை நீ பார்த்திருக்க வேண்டும். மூட்டையைப் பிரித்ததும் கடலை படிபடியாகத் தாவிக் கீழே ஓடுகிறது, பல் டாக்டர் துண்டை விரித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறார், டீச்சர் தராசைப் பிடித்துக்கொண்டு "ஒரு கடலகூடக் குறையக் கூடாது" என்று அதட்டுகிறார், டெய்லர் சத்தியமாகக் கூடுதலாகவே அளக்கிறார். என் பங்கை வேகவைத்துத் தின்றேன். உப்புக்கூடப் போட மறந்துவிட்டேன். அமிர்தம்.

சாப்பிட்டுக்கொண்டே யோசித்தேன். நான் பயந்தது விலைக்கு இல்லை. உன் ஊரில் போய் இறங்கினால் 'லேப் மேடம் வீட்டுக்காரர்' என்று மட்டும்தான் என்னைத் தெரியும். இங்கே சூப்பர் மார்க்கெட்டில் இன்ஸ்பெக்டர், படிக்கட்டில் தலைவன். அந்தப் பயம் தானாக இறங்கும் என்று நின்றேன். அது இறங்குகிற ஜாதி இல்லை.

மொத்தக் கடைக்குப் போனேன். அவருடைய சகலை உன் ஊரில் கடை வைத்திருக்கிறாராம். அங்கேயே போன் போடச் சொன்னேன்.

"ஒரு மூட்ட கொண்டக்கடல. ஆஸ்பத்திரி லேபுக்கு அனுப்பணும். உடனே."

"சார், இப்ப உச்சத்துல இருக்கு. நாலு நாள் பொறுங்க, இங்க கண்டிப்பா இறங்கும்," என்றார் சகலை.

"பொறுக்க முடியாதுங்க. என்ன விலையோ அந்த விலை."

பக்கத்தில் நின்ற நம்மூர்க் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார், உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். பேரம் பேசவில்லை. ஒரு பைசா குறைக்கச் சொல்லவில்லை. வெளியே வந்ததும் தலை சுற்றியது, ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு மூட்டையை நீ தனியாகத் தின்ன முடியாது. முளைத்துவிடும். அதனால் நான் வர வேண்டியிருக்கிறது. முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அங்கே வேலை கிடைக்குமா என்று கேட்காதே. ஊர் என்றால் கண்கள் இருக்கும், கண்கள் என்றால் மங்கும், மங்கினால் கண்ணாடிக் கடை இருக்கும். அக்காவிடம் நானே சொன்னேன்: "ஆமா, போறேன்." அப்புறம், "குக்கர எடுத்துட்டுப் போடா, அவகிட்ட நல்லது இருக்காது," என்றாள்.

இரண்டு அறை என்று சொல்லிவிடு. ஒன்றில் மூட்டை இருக்கும்.

உன்,
கண்ணாடிக்காரன்


ஜூன் 30

அன்புள்ள கண்ணாடிக்காரருக்கு,

மூட்டை நேற்றுக் காலையே வந்து லேப் வாசலில் உட்கார்ந்துகொண்டது. கடிதம் வந்தது மாலையில். இடைப்பட்ட நேரம் முழுக்க, ரத்தம் கொடுக்க வந்தவர்கள் அதன் மேல் உட்கார்ந்து முறை வருவதற்குக் காத்திருந்தார்கள். "எதுக்கு மேடம் இது, புது டெஸ்ட்டா?" என்று ஒரு கிழவர் கேட்டார். எனக்கே தெரியாது என்றேன். ஆனால் யார் வேலை என்று தெரிந்துவிட்டது.

இன்று மதியம் பெரிய டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு அறை. சாவி வெள்ளிக்கிழமை. கதவுகளெல்லாம் புதிதாக வெள்ளை அடித்திருக்கிறார்கள். வந்ததும் அதில் கை வைத்தால் பார்த்துக்கொள்கிறேன். குக்கரை எடுத்து வாருங்கள், அக்கா சொன்னது உண்மைதான்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொண்டைக்கடலை இங்கே இன்று காலை நன்றாக இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரி வாசல் கடை, சந்தைக் கடை, அந்தச் சகலை கடை, மூன்றிலும். மாதக் கடைசியில் இங்கே எப்போதும் இறங்கும். வந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நல்லவேளை, நீங்கள் கேட்கவில்லை.

உங்கள்,
லேப்