முட்டைக்கு மேல் இரண்டு அடுக்கு

ஜூன் 7, சனி
இன்று ஒன்பது முட்டை உடைந்தது. கால் வலி. சட்டையெல்லாம் நாற்றம்.

அறிவியல் மையத்தில் எனக்கு இது ஐந்தாவது சனிக்கிழமை. பிள்ளைகளுக்குப் பொறியியல் சொல்லிக்கொடுக்கிறேனாம். விண்வெளியில் பறக்கும் தூசு விண்கலத்தைத் துளைக்காமல் எதை வைத்துத் தடுப்பது? அதுதான் பாடம். தட்டில் ஒரு முட்டை. அதுதான் விண்வெளி வீரர். மேலே துணி, அட்டை, ஸ்பாஞ்சு, அலுமினியத் தாள், எதை வேண்டுமானாலும் மூடலாம். இரண்டு மீட்டர் குழாய் வழியாகக் கோலிக்குண்டைப் போடுவோம். முட்டை பிழைத்தால் ஜெயம்.

வாசல் பலகையில் ‘பொறியாளர் நடத்தும் வகுப்பு’ என்று இருக்கிறது. காலேஜை இரண்டாம் வருஷத்தோடு விட்டவள் நான். மையத்துக்காரருக்கும் தெரியும். “யாரு கேக்கப் போறா? நீ வாயை மூடிக்கிட்டு இரு, போதும்.”

மூடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜூன் 10
அம்மா: “பாதியில விடறதுல உன்னை அடிச்சுக்க ஆளே இல்லடி.” என் தட்டில் பாதி சாப்பாடு மிச்சம். சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

ஜூன் 14, சனி
சுண்டெலி அழுதாள்.

வகுப்புப் பிள்ளை, பத்து வயசு; பட்டப்பெயர் நான் வைத்தது. கேள்வி கேட்டே ஆளைத் தின்பவள். நிஜ விண்கலத்தில் இரண்டு அடுக்குக்கு நடுவே இடைவெளி விடுவார்கள் என்று எங்கோ படித்ததை அவளிடம் அளந்திருந்தேன். நம்பிவிட்டாள். இரண்டு தாள், நடுவே நாலு விரல் இடைவெளி, அத்தனை நேர்த்தி. குண்டு இரண்டையும் கிழித்து முட்டையை நசுக்கியது. ஸ்பாஞ்சை மெத்தைபோல அடுக்கிய பையன்கள் ஜெயித்துக் குதித்தார்கள்.

“இடைவெளி விடுன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க? அப்புறம் ஏன் உடைஞ்சுச்சு?”

“நீ சரியா ஒட்டல.”

பொய். அருமையாக ஒட்டியிருந்தாள். எனக்குக் காரணம் தெரியவில்லை, அவ்வளவுதான். சின்னப் பொண்ணு தலையில பழியைக் கட்டிட்டு வந்து உக்காந்திருக்கேன். த்தூ.

ஜூன் 17
நாள் முழுக்கப் படித்தேன். பரீட்சைக்குக்கூட இப்படிப் படித்ததில்லை.

விண்வெளித் தூசு துப்பாக்கிக் குண்டைவிடப் பல மடங்கு வேகம். அந்த வேகத்தில் முதல் தாளில் மோதியதும் தூசே சுக்குநூறாகிவிடுகிறது. இடைவெளி எதற்கென்றால், அந்தத் தூள் பரவி வலுவிழக்க. கோலிக்குண்டு எங்கே உடைகிறது? முழுசாகப் போய் விழுகிறது.

சுண்டெலி செய்தது சரி. சோதனைதான் தப்பு. சோதனை யாருடையது? என்னுடையது.

ஜூன் 18
மையத்துக்காரரிடம் சொன்னேன். சனிக்கிழமை பெற்றோர் பார்க்க வருகிறார்கள்.

“குழாயைப் பாதியா அறுத்துடு. எல்லா முட்டையும் பிழைக்கும், எல்லாரும் கைதட்டிட்டுப் போவாங்க. தப்பு கிப்புன்னு ஏதாவது உளறினே, அப்புறம் நீ இங்க கிடையாது.”

வேறு யார் எனக்கு வேலை தருவார்கள்?

ஜூன் 20
மோதினால் உதிரும் குண்டு வேண்டுமே. மண்ணும் மணலும் பிசைந்து உருட்டி மொட்டைமாடியில் காயவைத்திருக்கிறேன். குழாயை அறுக்கவில்லை. இன்னும் முடிவும் பண்ணவில்லை.

ஜூன் 21, சனி
சொல்லிட்டேன்.

எல்லார் முன்னாலும். சுண்டெலி ஒட்டியது சரி, நான் சொன்னதுதான் பொய் என்று. மேலே கொசுவலைக் கம்பி, நாலு விரல் இடைவெளி, கீழே தாள். சுண்டெலியே மண்ணுருண்டையைப் போட்டாள். வலையில் பட்டுப் பொலபொலவென்று உதிர்ந்தது. முட்டைக்கு ஒரு கீறல் இல்லை. இடைவெளி இல்லாமல் போட்டோம் — பொளக்.

“அப்ப நாங்க ஜெயிக்கலையா?” ஸ்பாஞ்சுப் பையன்கள் சண்டைக்கு வந்தார்கள்.

“கோலிக்குண்டுக்கு நீங்கடா. தூசுக்கு அவ.”

லேத்துப் பட்டறை வைத்திருக்கும் ஒரு அப்பா நிஜமான ஆர்வத்தோடு கேட்டார்: “எந்தக் காலேஜுலம்மா முடிச்சே?”

“முடிக்கலைங்க.”

மையத்துக்காரர் மின்விசிறியைப் பார்த்தார்.

போகும்போது சுண்டெலி: “அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?” சிரிக்கவில்லை. மன்னித்தாளா, தெரியாது.

ஜூன் 23
வேலை போச்சு. போனில் ஒரே வரி.

ஜூன் 26
படுத்தே கிடக்கிறேன்.

ஜூலை 5, சனி
காலையில் சுண்டெலியின் அம்மா போன் பண்ணினார். “நல்லா சொல்லிக்குடுத்தே போ! ரெண்டாவது மாடியிலேருந்து மண்ணுருண்டையாப் போட்டுக்கிட்டிருக்கா. ஸ்பாஞ்சுப் பசங்களும் இங்கதான். கீழ்வீட்டுக்காரர் வந்து கத்தறார். நீயே வந்து பதில் சொல்லு.”

போனேன். கீழ்வீட்டுக்காரர் வாசலெல்லாம் மண், நடுவில் நாலு முட்டை, மூன்று முழுசு. மேலே கைப்பிடிச் சுவரில் வரிசையாக ஐந்து தலை.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் அவருடைய வாசலையும் கேட்டேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பெருக்கறது யாரு?”

“நான்தான்” என்றேன்.