பின்னக்கா

அன்புள்ள தங்கைக்கு,

இன்று காலை எழுந்ததும், அம்மா மேசையில் வைத்திருந்த மனுவை எடுத்துக் கைப்பைக்குள் ஒளித்தேன். காணாமல்போய் எட்டு ஆண்டுகளான உன்னை இறந்தவளாக அறிவிக்கக் கேட்கும் மனு. என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வேடுகளுக்குச் சுருக்கம் எழுதுவது என் வேலை. மண்புழு முதல் பழைய தீர்ப்புகள் வரை எல்லாம் என் மேசைக்கு வரும். ஒரு துறைக்காரர் இன்னொரு துறையின் பக்கத்தைப் புரட்டவே மாட்டார். எல்லாவற்றையும் படிப்பவள் நான் ஒருத்திதான்.

இன்று முதலில் வந்த மொழியியல் ஆய்வேட்டில், வீட்டுக்குள் மட்டும் புழங்கும் சொற்களின் பட்டியலில் 'பின்னக்கா' இருந்தது. எதிரொலிக்கு நீ ஆறு வயதில் வைத்த பெயர்; பின்னாலிருந்து திருப்பிச் சொல்லும் அக்காவாம். நம் இருவருக்கு மட்டுமே தெரிந்தது. ஆய்வாளரிடம் போன ஆண்டு ஒரு பெண் சொன்னாளாம், தன் பெயரைத் தரவில்லையாம். நீ உயிரோடிருக்கிறாய் என்று அழுதேன்.

பிற்பகல் இயற்பியல் ஆய்வேட்டைத் திறந்தேன். காலித் தண்ணீர்த்தொட்டி ஒன்றில் எதிரொலியை அளந்திருக்கிறார்கள். பின்னிணைப்பில், தொட்டிக்குள் பதிவான ஒலிகளின் பட்டியலில் அதே சொல். ஆய்வு செய்த மாணவியை என் மேசைக்கு வரச்சொன்னேன்.

"யாருக்கும்மா காது குத்துற? உள்ள யாரு பேசினது?"

"யாருமே இல்ல மேடம். கருவியை வெச்சுப் பூட்டிட்டு டீ குடிக்கப் போனோம். தொட்டிக்கு வாய் முளைச்சிருச்சுன்னு சார்கூடச் சிரிச்சார்."

பதிவைப் போட்டுக் காட்டினாள். உன் குரல்தான். ஆனால் ஆறு வயதுக் குரல்.

எந்தத் துறையை நம்புவது, போன ஆண்டுப் பெண்ணையா, ஆறு வயதுக் குரலையா? அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. கையெழுத்துப் போடமாட்டேன். நாளை அந்தத் தொட்டிக்குள் தனியாக இறங்கப்போகிறேன். நீ கூப்பிடு. இந்த முறை நான் திருப்பிச் சொல்கிறேன்.

உன் அக்கா