சிலேட்டில் ரமணன்

ஒக்டோபர் 19, ஞாயிறு. ரொக்ஸ்பரோ.

மொன்றியலிலிருந்து இரண்டு மணிநேரம் காரில் போய் மலையில் நடந்தோம். வழியில் முன்பு சிலேட்டுக் கல் வெட்டிய குழி ஒன்று இருந்தது. அது நிறையத் தண்ணீர். சுற்றிவர உடைந்த கற்பலகைகள். சிலவற்றில் ஆட்கள் தங்கள் பெயர்களைக் கீறியிருந்தார்கள். நானும் ஒன்றை எடுத்துக் கார்த் திறப்பின் கூர்முனையால் கீறினேன். என் பெயரைத்தான் எழுத நினைத்தேன். தம்பியின் பெயர் வந்துவிட்டது.

மனைவி பார்த்துவிட்டாள். "என்னப்பா செய்யிறியள்? கல்லிலை செத்த ஆக்களின்ரை பேரையெல்லோ எழுதிறது?"

தம்பி ரமணன் போரின் கடைசிச் சண்டையில் காணாமற்போனவன். அவன் படத்துக்கு மாலை போட அம்மா இன்னும் விடவில்லை.

பள்ளிக்கூடத்தில் செய்ததுபோல எச்சில் தொட்டு அழித்தேன். அழிந்தது. காய்ந்ததும் திரும்பி வந்தது. குழித் தண்ணீரில் கழுவினேன். மறுபடியும் வந்தது. குழிக்குள் எறியவும் மனம் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

இங்கே இரவானபோது, யாழ்ப்பாணத்தில் விடிந்ததும், அம்மா போன் எடுத்தார். ஒவ்வொரு கிழமையும் கேட்பதையே கேட்டார். "ரமணனைப் பற்றி ஏதும் அறிஞ்சனியே, மோனை?"

"இல்லையம்மா."

இப்போது மழை பெய்கிறது. கல்லை எடுத்துப்போய் வெளிப்படியில் வைத்துவிட்டு வந்தேன். மழை விடும்வரைக்கும் பெயர் தெரியாது.