உன் மண்டலத்தைப் பார்க்கும் இரவுகள்

விக்குன்யா, ஏப்ரல்

என் செல்ல மகள் யாஸ்னாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிர் நாட்டில் நீயும் அப்படியே இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். திராட்சை அறுவடை முடிந்தது, பூனை குட்டி போட்டிருக்கிறது, உன் சித்தி வழக்கம்போல யாரோடும் பேசுவதில்லை. உன் கடிதம் வந்தது. இனி அந்த நீள்வட்ட விண்மீன் மண்டலத்தைத் தொடப்போவதில்லை என்று எழுதியிருக்கிறாய். அப்பா படித்துவிட்டு, நல்லதாப் போச்சு, தொலையட்டும் என்றார். ஏன் விடுகிறாய் என்று எனக்குத் தெரியும். நீ கேட்டதற்காக மலைமேல் தொலைநோக்கி அதைப் பார்த்துக்கொண்டிருந்த இரவில்தான் உன் தம்பி இவான், தொலைநோக்கிக்கு வெளிச்சம் ஆகாதென்று மலை வழக்கப்படி முகப்பு விளக்கை அணைத்துவிட்டு வண்டி ஓட்டிவந்து வளைவில் விழுந்தான். அங்கே எல்லோரும் அப்படித்தானே ஓட்டுகிறார்கள், அது எப்படி உன் குற்றமாகும்?

அவன் விழுந்து செத்த இடத்தில் நாம் வைத்த அனிமிதாவில், அந்தச் சின்னச் சாலையோரக் கோயிலில், இருட்டிய பிறகு மெழுகுவர்த்தி எரியக்கூடாது என்று தொலைநோக்கிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். வேறு எந்தத் தாய்க்கும் இந்தக் கொடுமை இல்லை, என் பிள்ளைக்கு நான் பட்டப்பகலில் ஏற்றி, பொழுது சாயுமுன் ஊதி அணைத்துவிட்டு வருகிறேன். வெயிலில் சுடர் தெரியாது, எரிகிறதா என்று கையை நீட்டித்தான் பார்க்க வேண்டும்.

அப்பா உன்னிடம் மறைத்ததை இப்போது சொல்கிறேன். தொலைநோக்கியை உன் மண்டலத்தின் பக்கம் திருப்பும் இரவுகளில் மட்டும் வளைவில் வெளிச்சம் தெரிகிறது. தொலைநோக்கி மலையின் காவலர் கிளோதோமிரோ ஒவ்வொரு முறையும் அப்பாவைக் கூப்பிட்டு, "அண்ணே, உங்க பையன் எடத்துல யாரோ மெழுகுவத்தி ஏத்திருக்காங்க, வந்து அணைங்க" என்கிறார். அப்பா போனால் யாருமில்லை, திரி சில்லென்று கிடக்கிறது. அதே கூட்டத்திலுள்ள மற்ற மண்டலங்களையும் பார்த்தார்கள், அப்போதெல்லாம் வளைவு இருட்டாகவே இருந்தது. உன் மண்டலத்தில் புது நட்சத்திரம் பிறப்பதேயில்லை, எல்லாம் கிழடுகள், அதன் வெளிச்சம் நம்மிடம் வருவதற்குள் என்னென்ன அணைந்துபோயிருக்குமோ என்று நீதான் ஒருமுறை சொன்னாய். அன்று காதில் வாங்காமல் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்குப் பயம். எனக்கும் பயம்தான், ஆனால் நீ கேட்காவிட்டால் இனி யாரும் அதைப் பார்க்கப்போவதில்லை. விட்டுவிடாதே மகளே, இன்னும் ஒரே ஒரு இரவு கேள். அன்று அப்பாவைக் கூப்பிட மாட்டேன் என்று கிளோதோமிரோ எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். நான் வளைவில் உட்கார்ந்திருப்பேன், அந்த வெளிச்சத்தை யாரையும் அணைக்க விட மாட்டேன்.

மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு, கம்பளி போடாமல் வெளியே போகாதே. தொலைநோக்கி இரவுக்கு விண்ணப்பம் அனுப்ப இந்த மாதம்தான் கடைசி. இவானிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுதி அனுப்பு.

உன் அம்மா,
எர்சிலியா