எட்டாம் பக்கத்துப் பிழை

இன்று காலை கோழி எரு ஏற்றிய லோரி ஒன்று நம் மலையூர் பிரிஞ்சாங்கின் கடைத்தெருவில் எனக்கு முன்னால் ஊர்ந்தது. கண்ணாடியை ஏற்றியும் நாற்றம் காருக்குள் வந்துவிட்டது. உனக்கு அந்த நாற்றம் ஆகவே ஆகாது. பேருந்துக்கு நிற்கும்போது ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நோட்டில் கணக்குப் போடுவாய். அது ஞாபகம் வந்ததும் எரிச்சலும் கூடவே வந்தது. செத்துப்போனவள் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, சுலபம்.

பள்ளிக்கூடத்தில் வந்து உட்கார்ந்தால் ஒரு மின்னஞ்சல். உன் துறையைச் சேர்ந்த ஓர் ஆய்வாளர், முன்பின் தெரியாதவர். உன் கட்டுரையின் எட்டாம் பக்கத்தில், நிரூபணத்தின் ஒரு படி தவறு, அது விழுந்தால் தேற்றமே விழுகிறது, அதைப் பற்றி ஒரு குறிப்பு வெளியிடப் போகிறேன் என்று எழுதியிருந்தார். கட்டுரையின் அடியில் நீ நன்றி சொல்லியிருப்பது எனக்கு மட்டும்தான். அதனால் அந்தப் படியை நீ என்ன நினைத்து எழுதினாய் என்று என்னிடம் கேட்கிறார்.

நன்றாகக் கேட்டார். அந்தப் படியைப் போட்டவளே நான்தானே.

தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயன் வீட்டு வரிசையில் வளர்ந்தோம், கோலாலம்பூரில் ஒரே வகுப்பில் கணிதம் படித்தோம். வெளிநாட்டு ஆய்வுப் படிப்புக்கு இரண்டு பேரும்தான் எழுதிப் போட்டோம். உனக்குக் கிடைத்தது, நான் இந்த மலைக்கே ஆசிரியையாகத் திரும்பினேன். அதற்கு உன்மேல் குற்றமில்லை. அப்போது எனக்குப் பொறாமை இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இனி மறைத்து என்ன ஆகப் போகிறது.

ஒரு விடுமுறையில் வந்தபோது தேயிலைச் சரிவுக்கு மேலே இருக்கும் பாதையில் காகிதங்களைப் பரப்பி உட்கார்ந்தாய். ஒரு பரப்பு தன் வளைவுக்கு ஏற்ப நகர்ந்துகொண்டே இருந்தால் கடைசியில் என்ன உருவத்துக்கு வரும் என்பது உன் ஆய்வு. பகுதி வகையீட்டுச் சமன்பாடு பக்கம் பக்கமாக நீண்டு, நீ நடுவில் மாட்டிக்கொண்டிருந்தாய். கீழே உன் அம்மாவின் கும்பல் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தது. செடிகளின் மேல் கம்பைக் கிடத்தி, கம்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதைத்தான் பறிப்பார்கள். கம்பு சரிவோடு சாய்ந்தே கிடக்கும். சமன்பாட்டை விட்டுவிட்டு உருவத்தைப் பார், உயரத்தைச் சரிவுக்குச் செங்குத்தாக அள, அப்போது எந்தப் புடைப்பும் இறங்கத்தான் செய்யும் என்று நான் சொன்னேன். உன் மூன்று பக்கம் என் கையெழுத்தில் அரைப் பக்கமாகச் சுருங்கியது.

"நீ அங்க வந்திருக்கணும் லா," என்றாய். அதைவிட நல்ல வார்த்தையை என்னிடம் யாரும் சொன்னதில்லை.

கட்டுரையை அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை அழைத்தாய். நான் தேர்வுத் தாள்களோடு மாரடித்துக்கொண்டிருந்தேன். "அந்த எட்டாம் பக்கம் சரியா இருக்கா? எனக்கு என்னமோ மனசு ஒப்பல," என்றாய். "சரியாத்தான் இருக்கு. நம்பலன்னா எடுத்துடு லா," என்றேன். நீ எடுக்கவில்லை.

கட்டுரை வெளிவந்தது. மேலே உன் பெயர் மட்டும். என் பெயர் அடியில், பொடி எழுத்தில், 'உரையாடல்களுக்கு நன்றி' என்ற வரியில். உரையாடலாம்! கேட்டதற்கு, பேரைப் போட்டால் எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்பார்கள், பள்ளிக்கூட டீச்சர் என்றால் கட்டுரையை மதிக்க மாட்டார்கள், அடுத்ததில் போட்டுக்கொள்ளலாம் என்றாய். அடுத்தது வரவில்லை. நான் உன் அழைப்புகளை எடுப்பதையே விட்டுவிட்டேன். உனக்கு உடம்பு சரியில்லை என்பதைக்கூட உன் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அப்போதும் நான் பேசவில்லை.

கருமாதி அன்று உன் அம்மா அந்தக் கட்டுரையைச் சாமி மேடையிலிருந்து எடுத்து வந்து என் மடியில் வைத்தார். "உன் பேரு எங்கம்மா இருக்கு? ஒண்ணாத்தானே எழுதுனீங்க," என்றார். இல்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடியில் இருந்த வரியைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

இன்று ஆசிரியர் அறையில் எட்டாம் பக்கத்தை மறுபடி படித்தேன். கால்மணி நேரம்கூட ஆகவில்லை. நிலம் ஒரே சாய்வாக இருந்தால் எந்த இடத்திலும் 'மேலே' என்பது ஒரே திசைதான். நிலமே வளைந்தால் இடத்துக்கு இடம் 'மேலே' மாறும். அந்த மாற்றம் கணக்கில் ஓர் உறுப்பாக வந்து நிற்க வேண்டும். நான் அதை விட்டுவிட்டேன். கண்ணெதிரே இருந்த ஒற்றைச் சரிவை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். மலை திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் கம்பைத் திருப்பி வைப்பார்கள் என்பது லயன் வீட்டில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. உன் மனம் ஒப்பாமல் போனது அந்த இடத்தில்தான்.

முதலில் 'எனக்குத் தெரியாது' என்றுதான் பதில் அடித்தேன். பேரை நீயே வைத்துக்கொண்டாய் அல்லவா, பிழையையும் நீயே வைத்துக்கொள் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதில் ஒரு சந்தோஷமும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மணி அடித்தது. நான்காம் படிவ வகுப்புக்குப் போய் ஒரு பாடம் நடத்திவிட்டு வந்தேன். திரும்பி வந்து பார்த்தபோது அந்த இரண்டு வார்த்தைகளும் திரையில் அப்படியே இருந்தன. அழித்தேன்.

அந்தப் படி அவளுடையது இல்லை, முழுக்க என்னுடையது, உங்கள் குறிப்பில் என் பெயரைப் போட்டு எழுதுங்கள் என்று அனுப்பினேன். முழுப்பெயரையும் எழுத்துக்கூட்டிக் கொடுத்தேன். உன்னிடம் நான் கேட்டது இந்தப் பெயரைத்தான். கடைசியில் அது தப்புக் கணக்கின் தலையில் ஏறப் போகிறது.

உன்மேல் இருக்கும் கோபம் தீரவில்லை. நீ செய்தது செய்ததுதான். ஆனால் நீ சந்தேகப்பட்டுக் கேட்டாய், நான் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் சரி என்றேன், நீ என்னை நம்பினாய். அதை மட்டும் அவருக்கு எழுதவில்லை.